கிங்ஸ்டன் ஹார்வியின் கோழிகள்

கோட்டுக்குள் கோழியைத் திணித்த வேகத்தில் நங்கூரம் போட்ட பொத்தான் ஒன்று தெறித்து நடைபாதையில் உருண்டது. வெண்டல் குனிந்து எடுக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் ஏது? கிங் தெருவின் அந்தக் கோடியில், சீஸ் கடையைத் தாண்டி, அவர் மனைவி டோரீன் சிவப்புக் குல்லாயோடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கோழி என்றால் கொக்கரக்கோ என்று கூவுகிற கோழி அல்ல. களிமண் கோழி. வெண்ணெய்க் கிண்ணத்துக்கு மூடியாக உட்கார வேண்டியது. டோரீனே கையால் பிசைந்து, சுட்டு, வண்ணம் பூசி, ‘நீலக் கதவு’ என்ற கடையில் விற்பனைக்கு வைத்திருந்தாள். அதை அவள் புருஷனே திருட்டுத்தனமாகப் போய் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறார். இது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

பக்கத்தில் ஒரு கதவு தெரிந்தது. உள்ளே பாய்ந்துவிட்டார்.

வெண்டல் ஆற்றங்கரை ஊரான பிராக்வில்லிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலையில் இருந்த காலம் பூராவும் இந்த ஊர்த் தெருக்களில் நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டியவர். எந்தச் சந்தில் எவ்வளவு பனி குவியும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் எந்தக் கடைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய அங்காடியில் வண்டியை நிறுத்தி, வாரத்துக்கு வேண்டியதை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தே பழகிவிட்டது. அதனால், தான் நுழைந்திருப்பது பழைய இசைத்தட்டுக் கடை என்பதே அவருக்கு நாலைந்து நொடி கழித்துத்தான் உறைத்தது.

கல்லாவுக்குப் பின்னால் குடுமி போட்ட ஒருவர் இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறேன் என்று சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னார் வெண்டல்.

“அக்கார்டியன்.”

குடுமிக்காரர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். கண் கலங்காத குறைதான். “உட்காருங்க” என்றார். “இந்த ஊர்ல என்னைக்காவது ஒருத்தர் அதைக் கேட்டுக்கிட்டு வருவார்னு காத்திருந்தேன்.”

அப்புறம் விடுவாரா? துருத்தி மாதிரி இழுத்து அமுக்கி வாசிக்கிற அந்த வாத்தியத்தின் தட்டுகளை ஒன்று மாற்றி ஒன்று சுழலவிட்டுக்கொண்டே இருந்தார். கோழியின் அலகு விலாவில் குத்த, வெண்டல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சும்மா சொல்லக் கூடாது, மூன்றாவது தட்டுக்கு அவர் கால் தானாகவே தாளம் போட்டது. கடைசியில் இரண்டு தட்டுகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டில் அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு பெட்டி கிடையாது என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

வாசலில் டோரீன் நின்றுகொண்டிருந்தாள்.

“நீ எங்கே இங்கே?” என்றாள்.

“பாட்டு வாங்கலாம்னு” என்றார்.

டோரீன் இசைத்தட்டுகளைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பொத்தான் இல்லாத இடத்தையும் அதன் கீழே புடைத்துக்கொண்டிருந்த வயிற்றையும் பார்த்தாள்.

“உடம்பு பெருத்துட்டே வெண்டல். பட்டர் டார்ட் தின்னறதைக் குறைச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார் வெண்டல்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ஜன்னல்தான். டோரீன் காலமெல்லாம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்த்தவள். அவளும் வெண்டலும் ஒரே ஜூன் மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். அதற்குப் பிறகு வீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முன்னறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. டோரீன் ஒன்றில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். அவளைத் தனியாக விடக் கூடாதே என்று வெண்டல் இன்னொன்றில் உட்கார்ந்தார். கோடை போயிற்று. மேப்பிள் இலை சிவந்து உதிர்ந்தது. இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கலகலவென்று பேசுகிறவள் இப்படி மௌனமாகிவிட்டாளே என்று வெண்டலுக்கு உள்ளுக்குள் அரித்தெடுத்தது.

அக்டோபரில் ஒருநாள் டோரீன் எழுந்து, செவ்வாய்தோறும் களிமண் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். அப்போது வெண்டலுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவள் மூன்று கோழிகளைச் செய்து, நீலக் கதவில் கொண்டுபோய் வைத்தாள். கடைக்காரி லோர்னா உள்ளூர்க்காரர்கள் செய்கிற பொருளாகப் பார்த்து வாங்கி வைப்பவள். விற்றால் ஆளுக்குப் பாதி, விற்காவிட்டால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோழிதான். சொல்லாவிட்டால், ஜலதோஷம் பிடித்த உருளைக்கிழங்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு கண் வாடிக்கையாளரைப் பார்த்தது, இன்னொரு கண் வாசலைப் பார்த்தது. மேசையில் வைத்தால் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் நிற்கும்.

விற்கிறதா என்று பார்க்க வெண்டல் ஒருநாள் ரகசியமாகக் கடைக்குப் போனார். கோழிகள் மேல் தூசி படிந்திருந்தது. லோர்னாவுக்கு அவர் யாரென்று தெரியாது. பனி வண்டியின் உயரத்தில், குல்லாய்க்கும் சால்வைக்கும் நடுவே இருந்த முகத்தை ஊரில் யார் பார்த்தார்கள்? அவளாகவே புலம்பினாள். கிறிஸ்துமஸ் சரக்கு வரப்போகிறது, இவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை என்றாள்.

வெண்டலின் கண் முன்னே அந்த ஜன்னலும் நாற்காலியும் வந்து நின்றன.

“எனக்கு ஒண்ணு குடுங்க” என்றார்.

“இதையா?” என்றாள் லோர்னா, தன் காதையே நம்பாமல். சந்தோஷத்தில் பெயரைக் கேட்டாள். ஹார்வி என்று சொல்லிவைத்தார். ஊர் கேட்டாள். அடுத்த ஊரான கிங்ஸ்டன் பெயரைச் சொன்னார். கோழிகளைச் சேகரிப்பவர் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அந்தக் கோழியோடு வெளியே வந்தபோதுதான் பொத்தான் தெறித்த கதை நடந்தது.

அன்று மாலை டோரீன் கரண்டியும் கையுமாகச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள். “ஒண்ணு வித்துடுச்சு வெண்டல். கிங்ஸ்டன்லேர்ந்து ஒருத்தர் வந்து வாங்கினாராம். லோர்னா போன் பண்ணினா.”

“நல்ல ரசனை உள்ள மனுஷனா இருப்பார்” என்றார் வெண்டல்.

டோரீன் அதைக் கேட்டுச் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவே இல்லை. இந்தச் சிரிப்பு நிற்கக் கூடாது, என்ன ஆனாலும் சரி என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். மறுநாள் கோட்டை எடுத்தபோது பொத்தான் தைத்திருந்தது. நங்கூரம் போட்ட அதே பொத்தான். தெருவில் உருண்டுபோனது எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. குளிர் தெரியாமல் இருந்தால் சரி.

மீதி இரண்டு கோழிகளையும் ஹார்வி வாங்கினார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் லோர்னா சும்மா இருப்பாளா? நம் ஊர்க் கலைஞர் என்று ஒரு பலகை எழுதி, கண்ணாடி ஜன்னலில் கோழிகளுக்கென்று ஓர் அலமாரியே ஒதுக்கிவிட்டாள். விலையையும் ஏற்றினாள். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று டோரீனைப் பிய்த்தெடுத்தாள். டோரீனும் சளைக்காமல் செய்தாள். வாரா வாரம் கோழிகள் வந்தன. வாரா வாரம் கிங்ஸ்டனிலிருந்து ஹார்வியும் வந்தாக வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே ஆள் வாங்குவது லோர்னாவுக்கே வேடிக்கையாகப் படும் என்று தோன்றியதும், வெண்டல் தன் கர்லிங் கிளப் சிநேகிதர்களைக் காசு கொடுத்து அனுப்பினார். முதல் பலி மெர்வின். பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி விளையாடும் கிளப்பில் வெண்டலோடு காலங்காலமாகத் துடைப்பம் பிடித்தவர்.

“யோவ், அந்த அம்மா என்னைப் பார்த்து, உங்களுக்கு இதுல எது மனசைத் தொட்டுச்சுன்னு கேட்டா” என்று மெர்வின் திரும்பி வந்து பொரிந்தார். “நான் என்னத்தைச் சொல்றது? கண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

இன்னொரு சிக்கல், நேராக நீலக் கதவுக்குப் போனால் டோரீன் பார்த்துவிடலாம். அதனால் வெண்டல் கிங் தெருவின் மேல்கோடியில் தொடங்கி, எல்லாக் கடையிலும் ஒவ்வொரு தடவை நுழைந்து நுழைந்து, போகிற போக்கில் போவது போல நீலக் கதவுக்குள் போனார். சீஸ் கடைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் கத்தி முனையில் ஒரு துண்டு நீட்டினாள். பழைய புத்தகக் கடையில் பயணப் புத்தகங்களின் மேல் ஒரு பூனை தூங்கியது. அதை எழுப்பாமல் புத்தகம் உருவுவது எப்படி என்று வெண்டல் கற்றுக்கொண்டார். முடிவெட்டுகிறவர் ஒருவர் அந்தக் கடையிலேயே தூண்டில் முள்ளும் விற்றார். ஒரு தலை முடிவதற்குள் ஆற்றில் எங்கே மீன் கடிக்கிறது என்ற சேதி முழுவதும் வந்துவிடும். போகப் போக, கோழி வாங்க வேண்டாத நாளிலும் வெண்டல் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். டோரீன் சந்தேகப்படக் கூடாதே, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தெருவின் கீழ்க்கோடியில், தண்டவாளத்தை ஒட்டி, ‘இரண்டாம் சுற்று’ என்று ஒரு பழைய சாமான் கடை. ஊரார் வேண்டாத பொருளைப் பின்கதவில் கொண்டுவந்து போடுவார்கள். தொண்டர்கள் அதைத் துடைத்து, விலை ஒட்டி, முன்பக்கம் வைப்பார்கள். வருகிற பணம் ஆஸ்பத்திரிக்கு. அங்கேதான் வெண்டலுக்கு இசைத்தட்டுப் பெட்டி கிடைத்தது. அடுத்த வாரமே, உடைந்த ஸ்கேட்டுகளுக்கு நடுவே, ஓர் அக்கார்டியனும் கிடைத்தது. இரண்டு கட்டைகள் ஊமை. மற்றதெல்லாம் கத்தின. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து கொட்டகையில் வைத்து வாசிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டு நாய் முதல் மாதம் ஊளையிட்டது, அப்புறம் பழகிக்கொண்டது.

வாங்கிய கோழிகளை எங்கே வைப்பது? வெண்டலுக்கு ஆற்றின் குடாவில், உறைந்த பனியின் மேல், மீன் பிடிக்கிற மரக்குடில் ஒன்று இருந்தது. டோரீன் அந்தப் பக்கமே வர மாட்டாள். குளிர்காலம் முழுக்கக் கோழிகள் அங்கே அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. மெர்வின் ஒருநாள் பனியில் போட்ட துளையில் தூண்டிலைப் போட்டுவிட்டு, கோழிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுங்க முறைக்கிற முறையில் மீன் எப்படிய்யா வரும் என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் வந்தது. பனி இளகும் முன்பு குடிலை ஆற்றிலிருந்து இழுத்துவிட வேண்டும் என்பது சட்டம். குடில் வீட்டுக்கு வந்தது. கோழிகள் எங்கே போகும்? வெண்டல் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு புதன்கிழமை, எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு, இரண்டாம் சுற்றின் பின்கதவில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே இருந்த தொண்டர் ஆர்ச்சி ஒரு கோழியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எதுவோ பாதியில் நின்றுபோனதா என்று கேட்டார். வெண்டல் வண்டியைக் கிளப்பினார். அந்தக் கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவர் போவதில்லை. அன்று மூத்தோருக்குப் பாதி விலை. ஊரில் நரைத்த தலை அத்தனையும் அங்கேதான் நிற்கும், யாராவது பார்த்துவிட்டு டோரீனிடம் சொல்லிவிட்டால் வம்பு.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. ஹார்வி வாங்குவார், வெண்டல் கொண்டுபோய்ப் போடுவார். டோரீனோ சமையலறை மேசையில் உட்கார்ந்து கோழிகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டே இருந்தாள். பிசைவதையெல்லாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறேன் என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டார். ஒரு தடவை மட்டும், நீலக் கதவில் வாங்கிய ஊதாக் கோழியின் கொண்டையில் இடது பக்கம் ஒரு மூளி இருப்பதைக் கவனித்தார். குளிர்காலத்தில் குடிலில் இருந்த பச்சைக் கோழிக்கும் அதே இடத்தில் அதே மூளி. ஒவ்வொரு கலைஞருக்கும் கையெழுத்து மாதிரி ஒரு தனிக் குறை உண்டு என்று நினைத்துக்கொண்டார். கோழிகள் வர வரத் தடித்துக்கொண்டே வந்ததையும் பார்த்தார். கை தேர்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டார்.

மே மாதம் வந்ததும் லோர்னா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

வருஷத்துக்கு ஒருமுறை கிங் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை தெருவை அடைத்துக் கொண்டாடுவார்கள். கடைக்குக் கடை ஏதாவது வேடிக்கை இருக்கும். லோர்னா இந்த வருஷம் ‘கோழிச் சனி’ என்று அறிவித்துவிட்டாள். டோரீனின் கோழி வாங்கிய அத்தனை பேரும் கோழியோடு வர வேண்டும். எல்லோரையும் நிறுத்திப் பத்திரிகைக்காரர் படம் எடுப்பார். நடுவில் டோரீன். சிறப்பு விருந்தினர், கிங்ஸ்டன் ஹார்வி.

ஜன்னலில் ஒட்டியிருந்த தாளை வெண்டல் தெருவில் நின்று படித்தார். திரும்பவும் படித்தார்.

கோழி வாங்கியவர் என்று ஊரில் யார் இருக்கிறார்கள்? அவர் ஒருவர்தான். அவரும் ஊதாக் கோழி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டார். சனிக்கிழமை டோரீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பாள். ஒரு ஈ காக்கை வராது. பத்திரிகைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் வீட்டுக்கு வந்து, பேசாமல், அந்த ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் டோரீன் சொன்னாள், “நீ என் பக்கத்துல நின்னாதான் நான் படத்துக்கு நிப்பேன்.” புருஷனாக அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். அதே சமயம் ஹார்வியாக லோர்னாவின் பக்கத்தில் நிற்க வேண்டும். இருப்பதோ ஒரே முகம்.

“ஹார்வி வருவார்னு நினைக்கிறியா?” என்று டோரீன் பட்டாணி சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

“பிஸியான மனுஷனா இருப்பார்” என்றார் வெண்டல்.

“ஆமாமா. ரொம்ப அலைச்சல் அவருக்கு” என்றாள் டோரீன், சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் கோழிகளை மீட்க வேண்டும். மறுநாள் வெண்டல் இரண்டாம் சுற்றின் பின்கதவுக்கு ஓடி, தான் போட்ட கோழிகளை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆர்ச்சி உதட்டைப் பிதுக்கினார்.

“அது எங்கே இருக்கு? வந்த வாரமே போயிடுது. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு ஆள் வந்து மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறதா, அன்னைக்கு மட்டும் முன்னாடி கல்லாவுல நிக்கிற பெவர்லி சொல்லிச்சு.”

வெண்டல் அப்படியே நின்றுவிட்டார். யாரோ ஒரு ஆள்! மொத்தமாக! அப்படியானால் டோரீனின் கோழிக்கு உலகத்தில் ஒரு நிஜமான ரசிகர் இருக்கிறார். நட்பு கிடையாது, பரிதாபம் கிடையாது, சொந்தக் காசில் வாங்குகிறார். அவர் யாரென்று தெரிந்தால் காலில் விழுந்தாவது சனிக்கிழமை கூட்டி வந்துவிடலாம். பெவர்லி எங்கே என்று கேட்டார். அவள் இந்த வாரம் லீவு, சனிக்கிழமைதான் தெருவில் இருப்பாள் என்றார் ஆர்ச்சி.

வெள்ளிக்கிழமை மெர்வினுக்குப் போன் செய்து, கையிலிருக்கும் ஒரே கோழியைத் தருகிறேன், அதைப் பிடித்துக்கொண்டு வந்து நில் என்று கெஞ்சினார்.

“எனக்கு எதுக்கு உன் கோழி? என் வீட்டுலேயே ஒண்ணு இருக்கு” என்றார் மெர்வின். “என் பெண்டாட்டி எங்கேருந்தோ கொண்டு வந்தா. நாளைக்கு ரெண்டு பேரும் அதைத் தூக்கிக்கிட்டு வரணுமாம். ஏதுன்னு கேட்டா, உனக்கெதுக்குங்கிறா.”

வெண்டல் போனை வைத்துவிட்டுச் சமையலறைக் கூரையைப் பார்த்துச் சிரித்தார். ஊரில் கோழி பரவிவிட்டது. அவர் மாதக்கணக்காகச் செய்த பித்தலாட்டத்துக்குப் பின்னால், அவருக்கே தெரியாமல், டோரீன் உண்மையிலேயே ஜெயித்துவிட்டாள். இனி லோர்னாவிடம் காலையிலேயே போய் உண்மையை ஒப்புக்கொண்டு, ஹார்வி என்று கூப்பிட்டுவிடாதே தாயே என்று கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை டோரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சின்ன வேலை இருக்கிறது, நீ முன்னால் போ என்று அவரைத் துரத்தினாள். அவர் ஒரு கையில் ஊதாக் கோழியும் முதுகில் அக்கார்டியனுமாகக் கிளம்பினார். தெருவில் இறங்கியதிலிருந்து நடக்கவே விடவில்லை. சீஸ் கடைக்காரி கூப்பிட்டு வாயில் ஒரு துண்டைத் திணித்தாள். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை ஆட்டினார். இசைத்தட்டுக் கடைக் குடுமிக்காரர், மத்தியானம் நம் வாசலில்தான் வாசிப்பு, மறந்துவிடாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் அவரைத் தெரிந்தது பனி ஒன்றுக்குத்தான்.

நீலக் கதவின் வாசலைப் பார்த்ததும் வெண்டல் நின்றுவிட்டார்.

கூட்டம். எல்லார் கையிலும் கோழி. சிவப்பு, மஞ்சள், நீலம், புள்ளி போட்டது, கோடு போட்டது. மெர்வினும் மனைவியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தேவாலயத்துப் பாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பல் மருத்துவரே வந்திருந்தார். இவர்களில் ஒருவரைக்கூட வெண்டல் அனுப்பவில்லை. ஒருவருக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்து கண் மறைத்தது. டோரீன் இதைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

லோர்னா பத்திரிகைக்காரரை ஏணியில் ஏற்றிவிடுவதில் மும்முரமாக இருந்தாள். அவள் கை ஒழியட்டும் என்று வெண்டல் வரிசையின் ஓரத்தில் போய் நின்றார். பக்கத்தில் நீலக் கோழியோடு ஒரு குண்டுப் பெண்மணி நின்றாள். முகம் தெரிந்த மாதிரி இல்லை. சந்தோஷம் தாங்காமல் அவளிடம் பேச்சுக் கொடுத்தார். கோழி அருமை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

அவள் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வாங்கினதா? இரவல். உங்களுக்கும் டோரீன்தானே குடுத்தாங்க?”

“டோரீனா?”

“அட, செஞ்சவங்கதான். நேத்து ராத்திரி வரைக்கும் வீடு வீடா ஏறிக் கோழி குடுத்துட்டுப் போனாங்க, கட்டாயம் வந்து நிக்கணும்னு. நான் பெவர்லி. இரண்டாம் சுற்றுல கல்லா.”

வெண்டல் ஊதாக் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பெவர்லிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை பாதி விலைக்கு டோரீன் தங்கள் கடைக்கு வந்து, இருக்கிற கோழி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய், மேலே வேறு வண்ணம் அடித்துத் திரும்ப நீலக் கதவில் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள் என்று விலாவாரியாகச் சொன்னாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் புதிதாக ஒன்றுகூடச் செய்யவில்லையாம். களிமண் வகுப்பையே விட்டுவிட்டாளாம்.

தெருவைக் கடந்து சிவப்புக் குல்லாய் வந்துகொண்டிருந்தது. டோரீன் கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அக்கார்டியன் மாட்டிய முதுகைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“விட்டுட்டாங்களா?” என்றார் வெண்டல். “களிமண்ணுன்னா அவங்களுக்கு உயிர்னுல்ல நினைச்சேன்.”

“உயிரா? தொட்டாலே அருவருப்பா இருக்காம். ஆனா நிறுத்த முடியாதாம், பாவம்” என்றாள் பெவர்லி. “கிங்ஸ்டன் ஹார்வின்னு சொல்லிக்கிட்டுக் கோழி வாங்க வர்றது அவங்க வீட்டுக்காரர்தானாம். ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்த மனுஷனாம், தனியா விடக் கூடாதேன்னு இவங்களும் மாசக்கணக்கா எதிர்ல உட்கார்ந்திருந்தாங்களாம், இப்பதான் இந்தக் கோழிக்காக எழுந்து கடை கடையா நடக்கிறாராம்.”